இதயத்துக்கு நல்லதாம்!

நம்மவர்களில் சிவப்பு ஒயின் குடிக்கிறவர்களை நான் இரண்டு கூட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டம் அதை மருந்தென்று சொல்லிக்கொண்டு குடிக்கிறது. மற்றொரு கூட்டம் அதை ஒரு யாகமாக நடத்திக்கொண்டு குடிக்கிறது. 'எனக்கு இதன் ருசி பிடித்திருக்கிறது. அதனால் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடிக்கிறேன்' என்று நேராகச் சொல்லுகிற மனிதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ருசியைச் சொல்ல இவ்வளவு வெட்கமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பொய்யைச் சொல்ல அந்த வெட்கம் இல்லையே என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

'கதை எழுதுகிறவருக்கு ஏன் ஐயா இந்த வேலை?' என்று கேட்கப்போகிறவர்கள் பேனாவை எடுக்குமுன்பே பதில் சொல்லிவிடுகிறேன். நான் எவரையும் குடிக்கச் சொல்லவில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் இருப்பதும், அது 93-வது அதிகாரம் என்பதும் எனக்குத் தெரியும். குடிக்காதவர் குடிக்காமலே இருக்கட்டும். அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குடியால் ஒரு குடும்பம் அழிந்ததைத் தம் வீட்டிலேயே கண்ட வாசகி ஒருவர் இந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போனால், அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். என் சண்டை குடிக்கிறவரோடு. அதிலும், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே 'நான் குடிக்கவில்லை' என்று சாதிக்கிறவரோடு.

முதலில் மருந்துக்காரரைக் கவனிப்போம்.

இவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். நல்ல உத்தியோகம். பிள்ளை அயல்நாட்டில். பிள்ளை வரும்போது விமான நிலையத்துக் கடையில் ஒரு புட்டி வாங்கி வந்திருப்பான். "ஹார்ட்டுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றார்" என்று ஆரம்பிப்பார். எந்த டாக்டர் என்று கேட்டால் பெயர் வராது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரே, குறைத்தாரா? இல்லை. விடியற்காலையில் நடக்கச் சொன்னாரே, நடந்தாரா? அதுவும் இல்லை. வைத்திய சாஸ்திரம் முழுவதிலும் அவர் காதில் விழுந்த உபதேசம் இது ஒன்றேதான்!

இந்த உபதேசம் எங்கிருந்து கிளம்பிற்று என்பது ஒன்றும் ரகசியமல்ல. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகத் தின்கிறார்கள். இருந்தும் அங்கே மாரடைப்பால் சாகிறவர்கள் குறைவு. இது என்ன விந்தை என்று சிலர் கேட்டார்கள். 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'அறுபது நிமிஷங்கள்' என்ற நிகழ்ச்சியில் இந்த விந்தையைப் பற்றிப் பேசினார்கள். செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அதற்கு ஒயின் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை மளமளவென்று ஏறிற்று. 1992-ல் அவருடைய கட்டுரை 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்தது. அவர் 'இருக்கலாம்' என்றதைக் கேட்டவர்கள் 'இருக்கிறது' என்று திருத்திக்கொண்டார்கள். குடிக்கிறவர்கள் 'இருந்தே தீரவேண்டும்' என்று முடித்துவிட்டார்கள்.

பிறகு திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளின்மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. ஒரு லிட்டர் ஒயினில் அது சில மில்லிகிராம்தான் இருக்கும். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அளவை ஒரு மனிதன் ஒயினின் வழியாகவே பெறவேண்டுமானால், அவன் குடிக்கவேண்டியது கோப்பைக் கணக்கில் அல்ல, அண்டாக் கணக்கில்! 2012-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகம், இந்தப் பொருளைப் பற்றி நிறைய எழுதிவந்த தன்னுடைய ஆராய்ச்சியாளர் ஒருவரின் வேலையைத் தோண்டிப் பார்த்துவிட்டு, 145 இடங்களில் புனைசுருட்டு நடந்திருக்கிறதென்று அறிவித்தது. ஒருவர் செய்த மோசடியால் மற்றவர்களின் ஆராய்ச்சியெல்லாம் பொய்யாகிவிடாது என்பது நியாயம்தான். ஆனால் 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், மதுவில் 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே கிடையாதென்று அறிக்கை விட்டதே, அது நம் நண்பரின் காதில் ஏன் விழவில்லை? அந்த நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மதுபானம் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988-லேயே பட்டியலில் ஏற்றியாயிற்று. அந்தப் பட்டியல் சிவப்பா, வெள்ளையா என்று நிறம் பார்க்கவில்லை.

நிறம் என்றதும், இதைவிடக் கொடுமையான ஒரு பேத்தல் நம் தமிழ்நாட்டில் உலவுவது ஞாபகம் வருகிறது. சிவப்பு ஒயின் குடித்தால் மேனி சிவக்குமாம்! நமது பாஷையில் 'சிவப்பு' என்பது ரத்தத்தின் நிறத்துக்கும் பெயர். கல்யாணச் சந்தையில் விலைபோகும் வெளுத்த தோலுக்கும் அதுவே பெயர். ஒரு சொல்லின் இரண்டு அர்த்தங்கள் எங்கோ ஓர் அடுப்பங்கரையில் குழம்பி, ஒரு வைத்தியமே பிறந்துவிட்டது. நிச்சயமான பெண்ணுக்கு ரகசியமாகக் கொடுக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை, வயிற்றில் இருக்கும் குழந்தை சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்று கர்ப்பிணிக்குக் கொடுக்கிறார்கள்.

இது நான் கேள்விப்பட்ட கதையல்ல, கண்ணால் கண்டது. என் உறவுப் பெண் ஒருத்தி ஐந்து மாதமாக இருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அவளுடைய மாமியார் ஒரு எவர்சில்வர் டம்ளரில் அரை டம்ளர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சிடு கண்ணு. குங்குமப்பூ மாதிரிதான் இதுவும்."

"வாடையே குமட்டுது அத்தை."

"பிள்ளை உன்னை மாதிரிக் கறுப்பாப் பொறக்கணுமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் டம்ளரை வாங்கித் தோட்டத்து முற்றத்தில் ஊற்றினேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. பேசாதிருக்கட்டும். மதுவை ஒரு வாய்கூடத் தொடாத குடும்பம் அது. மது என்று பெயர் சொன்னால் வாசற்படி ஏறவிடமாட்டார்கள். மருந்து என்று பெயர் மாற்றியதும் நேராகக் கர்ப்பிணியின் வாய்க்கே வந்துவிட்டது! 1968-ல் பிரான்சில், அதுவும் ஒயினுக்குப் பேர்போன லுவார் நதிக்கரையில் இருக்கும் நாண்ட் நகரத்தில், பால் லெமுவான் என்ற டாக்டர், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பரிசோதித்து, அவர்களுடைய முகவெட்டிலும் வளர்ச்சியிலும் ஒரே மாதிரியான கோளாறுகள் இருப்பதைக் கண்டு எழுதினார். 1973-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் அதையே தனியாகக் கண்டு, அதற்கு ஒரு நோய்ப் பெயரும் சூட்டினார்கள். ஒயின் விளையும் மண்ணிலேயே ஒரு டாக்டர் கண்டுசொன்ன விஷயம் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் அடுப்பங்கரைக்கு வந்து சேரவில்லை. 'ஹார்ட்டுக்கு நல்லது' மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

இனி ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான்.

ஒரு புட்டி சிவப்பு ஒயின் 750 மில்லி. அதில் 13 சதவீதம் சாராயச் சத்து என்றால் 97 மில்லிக்குக் கொஞ்சம் மேல். டாஸ்மாக் கடையில் கூலிக்காரன் வாங்கும் குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். பெருக்கிப் பாருங்கள், 77 மில்லி. ஆக, ஒரு புட்டி ஒயினைத் தனியாக முடித்துவிட்டுச் சோபாவில் சாய்கிற கனவான், ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் பஸ் நிலையத்துத் திண்ணையில் சாய்கிற கூலிக்காரனைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார். அவனுக்குப் பெயர் குடிகாரன். இவருக்குப் பெயர் ரசிகர். அவனைப் பற்றி இவர் பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் வேறு எழுதுகிறார்! நான் கூலிக்காரனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவன் வீட்டில் அன்றைக்கு உலை வைத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவன் ஒரு விஷயத்தில் யோக்கியன். குவார்ட்டரை இருதய மருந்தென்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

மருந்து, பூஜை என்ற இந்த இரண்டு சாக்குகளும் இன்று நேற்று வந்தவையல்ல. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அந்தச் சட்டம் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு இரண்டை மட்டும் திறந்துவைத்தது. டாக்டர் சீட்டுக் கொடுத்தால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைக்கும். கோயில் சடங்குக்கென்றால் ஒயின் கிடைக்கும். உடனே நோயாளிகளும் பெருகினார்கள், பக்தர்களும் பெருகினார்கள். மூன்றாவதாக ஒரு ஜன்னலும் இருந்தது. வீட்டில் பழரசம் செய்துகொள்ளலாம் என்ற விலக்கு அது. திராட்சையைச் சுண்டவைத்துக் கட்டியாக விற்ற வியாபாரிகள், 'தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும்' என்று எச்சரிக்கை அச்சடித்து விற்றார்களாம். அந்த எச்சரிக்கைதான் சமையல் குறிப்பு! நம் நாட்டிலும் மதுவிலக்குள்ள குஜராத்தில் தேக ஆரோக்கியத்துக்கென்று பெர்மிட் வழங்குகிறார்கள். மருந்தென்ற சாக்கைச் சட்டமே சொல்லிக்கொடுத்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்தச் சாக்குக்குத் தேவையே இல்லை. 1971-ல் மதுவிலக்கை எடுத்தார்கள். 2003 முதல் சில்லறை விற்பனையைச் சர்க்காரே நடத்துகிறது. இருந்தும் நாக்கு அந்தப் பொய்யை விடமாட்டேன் என்கிறது.

இப்போது யாகக்காரரிடம் வருவோம். மருந்துக்காரரைவிட இவர் படித்தவர். ஆகவே இவரோடு பேசுவது கஷ்டம்.

இப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்குச் சென்னையில் ஒரு மே மாதத்து ராத்திரி விருந்துக்குப் போயிருந்தேன். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் பேரனுடைய கோப்பைக்கும் நடுவில், ஐந்தாறு வருஷமாக நின்றுகொண்டிருந்த புட்டி அது. அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தார். தக்கையை எடுத்து முகர்ந்தார். எனக்கும் முகரக் கொடுத்தார். குடுவையில் ஊற்றினார். கோப்பையைத் தண்டில் பிடிக்கவேண்டும், கிண்ணத்தில் பிடிக்கக் கூடாது என்றார். சுழற்றச் சொன்னார். நான் பசியோடு போயிருந்தேன். கடைசியாக வாயில் வைத்தால், கொதிக்கவைத்த பழப்பாகில் ஸ்பிரிட்டைக் கலந்த மாதிரி இருந்தது.

"ஃபிரிட்ஜிலே கொஞ்ச நேரம் வைக்கலாமே, சார்?" என்றேன்.

"ஐயையோ! ரெட் ஒயினை ஃபிரிட்ஜிலே வைக்கப்படாது. ரூம் டெம்பரேச்சர்லேதான் குடிக்கணும். புஸ்தகத்திலேயே போட்டிருக்கு."

"எந்த ஊர் ரூம், சார்?"

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அந்த விதி பிறந்த இடம் பிரான்சு. அங்கே நிலவறையில் குளிர்ந்து கிடக்கும் புட்டியைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே மாடிக்குக் கொண்டுவந்து, அறையின் சூட்டை அது ஏற்றுக்கொள்ள விட்டுவைப்பார்கள். அறை என்பதற்கான அவர்கள் சொல்லிலிருந்தே அந்த வழக்கத்துக்கு 'ஷாம்ப்ரே' என்று பெயர் வந்தது. ஆனால் எந்த அறை? கல்லால் கட்டிய பழைய வீட்டின் அறை; வெந்நீர்க் குழாய் வைத்து வீடு முழுவதையும் சூடாக்கும் காலத்துக்கு முந்தைய அறை. 16, 17, மிஞ்சிப்போனால் 18 டிகிரி. மேல்சட்டை இல்லாமல் நாம் அந்த அறையில் உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும். மே மாதத்துச் சென்னையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் 32 டிகிரி. அந்தச் சூட்டில் ஒயினைத் திறந்தால் பழத்தின் மணத்துக்கு முன்னால் சாராயத்தின் நெடி மூக்கில் ஏறும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருக்கிறவர் புஸ்தகத்தை அப்படியே கடைப்பிடிக்கட்டும். அவருக்கு அது பொருந்தும். மற்றவர்கள் சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்து எடுக்கவேண்டும். அவசரமென்றால் ஒரு வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்து அதில் கால்மணி நேரம் முக்கினால் போதும். வெறும் பனிக்கட்டி போதாது. தண்ணீர் இருந்தால்தான் புட்டியைச் சுற்றிலும் குளிர் பிடிக்கும். லேசான ஜாதி ஒயினாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தாலும் நஷ்டமில்லை. 12, 13 டிகிரி வரை போகலாம்.

நம்முடைய பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். புறநானூற்றில் 56-வது பாட்டு நக்கீரர் பாடியது. யவனர் தம் அழகிய கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றிக்கொடுக்க, தினந்தோறும் மகிழ்ந்து இனிதாக வாழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அந்த மது குளிர்ச்சியும் மணமும் உடையதென்று அவர் சொல்லுவதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியமாக, அவர் சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லவில்லை. கிண்ணத்தை எந்த விரலால் பிடிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. மகிழ்ந்திரு என்கிறார், அவ்வளவுதான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் அகப்பட்டன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்த மதுவை மகிழ்ந்து குடித்த ஊரில், இன்று அதைத் தரிசனம் செய்துகொண்டிருக்கிறோம்.

யாகத்தின் மற்ற அங்கங்களையும் பார்த்துவிடலாம். குடுவையில் ஊற்றுவது எதற்கு? வயதான ஒயினின் அடியில் வண்டல் தங்கும்; அது கோப்பையில் விழாமல் மேலாக வடித்துக்கொள்வதற்கு. கரடுமுரடான இளம் ஒயினுக்குக் கொஞ்சம் காற்றுப் பட்டால் நல்லது என்று சிலர் ஊற்றுவார்கள், செய்யட்டும். ஆனால் தக்கையைப் பிடுங்கிவிட்டு 'மூச்சு விடட்டும்' என்று புட்டியை ஒரு மணி நேரம் மேஜைமேல் வைக்கிறார்களே, அதில் மூச்சு விடுகிறவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். புட்டியின் கழுத்தில் காற்றுப் படும் இடம் ஒரு காசு அகலம்கூட இருக்காது. போர்தோ நகரத்துப் பேராசிரியர் எமில் பெய்னோ ஒயின் சாஸ்திரத்தில் பெரிய கை; வண்டல் இருந்தாலொழிய ஊற்றி வைக்காதே, ஊற்றினாலும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் ஊற்று என்பதுதான் அவர் கட்சி. தக்கையை முகர்வதில் தக்கையின் வாசனைதான் தெரியும். ஒயின் கெட்டிருந்தால் கோப்பையில் ஈரச் சாக்கின் வாடை அடிக்கும். அதற்கு நிபுணர் வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். தண்டில் பிடிப்பது மட்டும் அர்த்தமுள்ள காரியம், கைச்சூடு ஏறாது. ஆனால் 32 டிகிரி ஒயினைத் தண்டில் பிடித்து என்ன, கிண்ணத்தில் பிடித்து என்ன?

சடங்குக்காரர்களின் ஞானம் எவ்வளவு ஆழம் என்பதை அந்த போர்தோவிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். தேன், எலுமிச்சை என்ற ரீதியில் வர்ணித்தார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளையெல்லாம் கொட்டி வர்ணித்தார்கள்! மோரோ, புரோஷே, துபூர்தியே என்ற மூவர் 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. அந்த மாணவர்கள் முட்டாள்கள் அல்ல. கண் பார்த்ததை மூக்கு மறுத்துப் பேசாது. மனித சுபாவம் அது. ஆனால் அந்த சுபாவம் தெரிந்த பிறகாவது மனிதன் கொஞ்சம் அடக்கமாகப் பேசவேண்டாமா?

ரூடி குர்னியவான் என்ற ஆசாமியின் கதையை வைத்து ஒரு நாவலே எழுதலாம். கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே சாதாரண ஒயின்களைக் கலந்து பழைய புட்டிகளில் அடைத்து, பர்கண்டியின் அபூர்வ ஒயின்கள் என்று கோடீசுவரர்களுக்கு விற்றவன். வாங்கியவர்கள் குடித்தார்கள், கண்ணை மூடினார்கள், சிலாகித்தார்கள். 2008-ல் நியூயார்க் ஏலம் ஒன்றில், போன்சோ என்ற பிரெஞ்சுக் குடும்பத்தின் பெயரில் 1945 முதல் 1971 வரை வருஷம் போட்ட புட்டிகள் வந்தன. குடும்பத்தின் தலைவர் லோரான் போன்சோ நேரில் வந்து நிறுத்தினார். அந்தத் தோட்டத்து ஒயினை அவர்கள் தயாரிக்க ஆரம்பித்ததே 1980-களில்தான்! 2012-ல் ஆசாமியைப் பிடித்தபோது வீடு நிறைய லேபிலும் தக்கையும் முத்திரையும். 2014-ல் பத்து வருஷம் சிறை கிடைத்தது. அவனைக் காட்டிக்கொடுத்தது யாருடைய நாக்கும் அல்ல. லேபிலில் இருந்த ஒரு வருஷக் கணக்கு.

'எல்லாம் பொய் என்றால் ஒயினில் ரசிக்க ஒன்றுமே இல்லையா?' என்று ஒருவர் கேட்பது கேட்கிறது. இருக்கிறது ஐயா, இருக்கிறது! அதைச் சொல்லத்தானே இவ்வளவு குப்பையை அள்ள வேண்டியதாயிற்று.

ஒருநாள் வீட்டில் என் மனைவி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "நாவல்பழம் தின்ன மாதிரி நாக்கு இழுக்குது" என்றாள். எந்த நிபுணரும் இதைவிடச் சரியாகச் சொல்லி நான் படித்ததில்லை. கறுப்புத் திராட்சையிலும் பெரும்பாலானவற்றின் சாறு வெளிறித்தான் இருக்கும். தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பு இறங்குகிறது. அந்தத் தோலும் விதையும் நிறத்தோடு கொடுக்கிற இன்னொரு பொருளை இங்கிலீஷ்காரன் டானின் என்பான். அது எச்சிலின் வழுவழுப்பைக் கட்டிப்போட்டு நாக்கை இழுக்கும். மேல்நாட்டுப் புஸ்தகங்கள் இதை விளக்கப் பத்துப் பக்கம் திணறுகின்றன. நமக்கு ஒரே சொல்: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதை வைத்து, பாக்கிலும் வாழைப்பூவிலும் நாவல்பழத்திலும் கடுந்தேநீரிலும் பிறந்ததுமுதல் பழகிய நாக்கு நம்முடையது. சிவப்பு ஒயினை ரசிப்பதற்கு நம் வீட்டுப் பாட்டியின் நாக்குக்கு இருக்கும் தகுதி, இரவல் வார்த்தைகளை மனப்பாடம் செய்த பேரனின் நாக்குக்கு இல்லை.

துவர்ப்பை வைத்தே சாப்பாட்டோடு ஜோடி சேர்த்துவிடலாம். கொழுப்பும் மாமிசமும் துவர்ப்பைத் தணிக்கும். மிளகாய்க் காரம் அதைக் கிளப்பிவிடும், சாராயத்தின் எரிச்சலையும் சேர்த்து. அதனால் துவர்ப்பு மிகுந்த கெட்டி ஒயினைக் காரக்குழம்போடு குடிப்பது நாக்குக்குச் செய்யும் துரோகம். தேங்காய்ப்பால் விட்ட ஆட்டுக்கறியோடு கெட்டியான காபர்னேயும் ஷிராஸும் சரியாகப் போகும். காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால், பிரான்சின் போஜொலே வட்டாரத்து காமே மாதிரி லேசான, பழ வாசனை மிகுந்த ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். எனக்கு அது சேனைக்கிழங்கு வறுவலோடு மிகவும் பிடிக்கும். ரசம் சாதத்தோடு எந்த ஒயினும் போகாது. ரசமே ஒரு பானம்.

வாங்குகிறபோது விலையையும் பெயரையும் பார்த்து மிரளவேண்டாம். 1976 மே மாதம் பாரிசில் லேபிலை மறைத்து நடத்திய சோதனையில், பிரெஞ்சு நடுவர்களே, தங்கள் நாட்டின் மூத்தோன் ரோத்ஷில்ட், ஓபிரியோன் போன்ற ஒயின்களை விட்டுவிட்டு, கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-க்கு முதலிடம் கொடுத்தார்கள். நம் நாசிக்கிலும் நந்தி மலையிலும் நல்ல ஒயின் வருகிறது; மூக்கைச் சுளிக்கிறவர் லேபிலை மறைத்துவிட்டுச் சுளிக்கட்டும். தக்கைக்குப் பதிலாகத் திருகுமூடி இருந்தால் மட்டம் என்று நினைப்பது அசட்டுத்தனம். நான் பார்ப்பது இரண்டே விஷயம்தான். ஒன்று, வருஷம். உலகத்தில் செய்யும் சிவப்பு ஒயினில் மிகப் பெரும்பகுதி நாலைந்து வருஷத்துக்குள் குடிப்பதற்காகச் செய்தது. பழசானால் மேன்மை என்பது மிகச் சில ஒயின்களுக்கே பொருந்தும். மற்றொன்று, கடைக்காரர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்பது. வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற புட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கியதை ஃபிரிட்ஜின் தலைமேலும், அடுப்புக்குப் பக்கத்திலும், முக்கியமாகத் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். குடித்துவிடுங்கள்.

ஒரு கோப்பைக்கு 150 மில்லி. புட்டிக்கு ஐந்து கோப்பை. கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமலிருந்தால் மணம் தங்க இடம் இருக்கும். வாய் கொஞ்சம் குறுகிய எந்தக் கண்ணாடிக் கோப்பையும் போதும். ஒவ்வொரு திராட்சைக்கும் ஒவ்வொரு கோப்பை என்பது கோப்பை செய்கிறவரின் கவலை. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு புட்டி திறந்தால் அநேகமாக ஒரு கோப்பை மிஞ்சும். அதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் கெடாது. நாலாவது நாள் புளிப்புத் தட்டினால், ஆட்டுக்கறி வேகும்போது அதில் ஊற்றிவிடலாம். பர்கண்டிக்காரர்கள் மாட்டுக்கறியை அப்படிச் சிவப்பு ஒயினில் வேகவைத்துத்தான் உலகம் முழுவதும் பெயர் வாங்கினார்கள்.